பீரோ நிறையத் துணி இருக்கிறவர்களுக்கு: உடுத்துவதை ரசிக்கப் பழகும் வழி

முதல் வேலையாக எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இந்த விஷயத்தில் யாரிடம் யோசனை கேட்டாலும் "பிடிக்காததை எல்லாம் கழிச்சுடு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எது நமக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்றே சரியாகத் தெரியாமல் கழிக்க உட்கார்ந்தால், அன்றைய மனநிலைக்குச் சிக்கியதெல்லாம் போய்விடும். நானும் ஒருமுறை ஆவேசமாக ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தேன். அதோடு போன சாம்பல் நிறச் சட்டையை இன்றைக்கும் சில காலைகளில் கை தேடுகிறது. அந்தச் சட்டையில் ஒரு குறையும் கிடையாது. அதற்கு எந்த பேன்ட் சேரும் என்று நான் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

குறைவான உடைகள், ஒன்றோடொன்று சேரும் உடைகள் என்கிற 'கேப்சூல் வார்ட்ரோப்' எண்ணத்தை 1970களில் பரப்பியவர் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ (Susie Faux). 2010ல் அமெரிக்காவின் கோர்ட்னி கார்வர், 3 மாதத்துக்கு 33 உருப்படிகள் மட்டும் என்று ஒரு கணக்கு வைத்தார். செருப்பும் நகையும்கூட அதில் அடக்கம். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அந்த 33 எவை என்று தெரிய வேண்டுமே! கார்வரே மிச்சத்தைப் பெட்டியில் போட்டு ஒட்டி வைக்கத்தான் சொன்னார், எறியச் சொல்லவில்லை. ஆகவே கழிப்பதைக் கடைசிக்குத் தள்ளுவோம்.

முதல் வாரம்: கை எங்கே போகிறது?

ஒரு வாரம் வழக்கம்போல உடுத்துங்கள். எதையும் மாற்ற வேண்டாம். ராத்திரி உடை மாற்றும்போது இரண்டு வரி மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: இன்று என்ன போட்டேன், நாள் முழுக்க என் கை எங்கே போனது?

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். பிடித்திருக்கிறதா என்று மனதைக் கேட்டால் அது மழுப்பும், கை மழுப்பாது. சட்டையின் கீழ்ப்பகுதியை அடிக்கடி இழுத்துவிட்டீர்களா? பின்கழுத்தைச் சொறிந்தீர்களா? தோள் சரிந்து சரிந்து விழுந்ததா? உட்கார்ந்ததும் இடுப்பு பட்டனைத் தளர்த்தத் தோன்றியதா? அல்லது கை எங்கேயும் போகாமல், என்ன போட்டிருக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்ததா? அப்படி மறக்க வைத்த உடையைக் குறித்து வையுங்கள். அதன் துணி வகை, கழுத்தின் வெட்டு, உயரம், தளர்வு நான்கையும் எழுதுங்கள். மற்ற உடைகளை மதிப்பிட அதுதான் உங்கள் அளவுகோல்.

"இன்னிக்கு நல்லா இருக்கே" என்று யாராவது சொன்னால் அதையும் எழுதலாம். ஆனால் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான். சொன்னவர் சாயங்காலம்வரை அந்தக் காலரோடு மல்லுக்கட்டப் போவதில்லை.

இரண்டாவது: மூன்று குவியல்

விடுமுறை நாளில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டுங்கள். எல்லாம் என்றால் துவைக்கப் போட்டது, இஸ்திரிக்குக் காத்திருப்பது, கதவுக்குப் பின்னால் தொங்குவது, செருப்பு, பெல்ட், துப்பட்டா வரை. சட்டை தனி, பேன்ட் தனி என்று பிரிக்காதீர்கள். அடிக்கடி போடுவது, எப்போதாவது போடுவது, எடுப்பதே இல்லை என்று பிரியுங்கள்.

முதல் குவியல் சின்னதாக இருக்கும். அதைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம்; எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டாவதை இப்போதைக்கு விடுங்கள். புதையல் மூன்றாவதில் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து "உன்னை ஏன் போடுவதில்லை?" என்று கேட்டால், "பிடிக்கவில்லை" என்பதைவிட அற்பமான காரணங்களே அதிகம் வரும். என் குவியலில் ஒரு குர்தா இரண்டு வருடம் கிடந்ததற்கு ஒரேயொரு ஹூக் அறுந்திருந்ததே காரணம்.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும்.

பட்டன், ஹூக், ஓரம் பிரிந்தது போன்றவற்றை ஒரே உட்காரலில் முடியுங்கள். பட்டன் தைக்கும்போது துணியோடு ஒட்டி இறுக்கித் தைக்காதீர்கள். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்தத் தளர்ந்த நூலைச் சுற்றி மூன்று நான்கு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். காஜாவின் கனத்துக்கு இடம் கிடைக்கும். பட்டன் போட்ட இடம் சுருங்காது.

கழுத்தில் அரிப்பதாலேயே சில சட்டைகளை ஒதுக்கியிருப்போம். பெரும்பாலும் குற்றவாளி லேபிள்தான். அதைக் கத்தரியால் வெட்டினால் மிச்சமிருக்கும் விளிம்பு இன்னும் மோசமாகக் குத்தும். தையல் நூலை ஒவ்வொன்றாக அறுத்து முழுசாக எடுத்துவிடுங்கள். துவைக்கும் முறை அதில்தான் அச்சாகியிருக்கும், எறியுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

அளவு சரியில்லாதது பெரிய கூட்டம். இங்கே ஒரு விஷயம் தெரிந்தால் பணமும் ஏமாற்றமும் மிச்சம்: நீளம், பக்கவாட்டு, இடுப்பு இவற்றைத் திருத்துவது எளிது, தோளைத் திருத்துவது கடினம். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார்ந்தால் அந்தச் சட்டையைக் காப்பாற்றிவிடலாம். அது கைப்பக்கம் 2 அங்குலம் தொங்கினால், கையைப் பிரித்து மறுபடி வெட்டிப் பொருத்த வேண்டியிருக்கும். அதைத் தளர்வாகப் போடும் மேல்சட்டையாக ஏற்றுக்கொள்வது மேல்.

பக்கத் தையலில் எவ்வளவு பிடிப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். தையலிலிருந்து கால் அங்குலம் உள்ளே பிடித்தால், முன்துணியில் கால், பின்துணியில் கால் குறையும். இரண்டு பக்கமும் சேர்த்தால் சுற்றளவில் 1 அங்குலம் போய்விடும். "ஒரு அங்குலம் பிடிங்க" என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டு, 4 அங்குலம் சுருங்கிய சட்டையோடு வீட்டுக்கு வரக்கூடாது. தளர்த்த வேண்டுமானால் முதலில் உள்ளே திருப்பி, எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய துணியில் பிரித்த இடம் மட்டும் சாயம் போகாமல் கோடாகத் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பேன்ட் நீளத்தைக் குறைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள், அதோடு போடப்போகும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டுதான் அளவு எடுக்க வேண்டும். நான் புதுப் பருத்தி பேன்ட்டைத் துவைக்காமலே வெட்டித் தைக்கக் கொடுத்தேன். முதல் துவைப்பில் அது கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. இப்போது அதை மடித்துவிட்டு, வேண்டுமென்றே செய்த மாதிரி போட்டுக்கொள்கிறேன்.

இஸ்திரிச் சோம்பல் இன்னொரு காரணம். அதற்கு என்னிடம் பெரிய வைத்தியம் இல்லை. காயப்போடும்போதே நன்றாக உதறி, ஓரங்களை இழுத்துவிட்டு, ஹேங்கரில் மாட்டிக் காயவிட்டால் பாதி வேலை குறையும். பருத்தியும் லினனும் லேசான ஈரத்தில் இருக்கும்போது தேய்த்தால்தான் சுருக்கம் நீங்கும். லினன் எப்படியும் சுருங்கும். அதன் நார் வளைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தச் சுருக்கத்தோடு போட மனம் வந்துவிட்டால் நீங்கள் லினன்காரர். வராவிட்டால் அதோடு சண்டை போடாதீர்கள்.

கடைசியாக, "நல்ல நாளைக்கு" என்று எடுத்துவைத்தவை. அந்த நாள் எது என்று ஒரு தேதி சொல்ல முடிந்தால் சரி. முடியாவிட்டால் வரும் செவ்வாய்க்கிழமை போட்டுவிடுங்கள். நல்ல உடை போட்டால் மூளை சுறுசுறுப்பாகும் என்று சிலர் ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். 2012ல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில் ஆய்வகக் கோட்டு அணிந்தவர்கள் கவனத்தைச் சோதிக்கும் பணிகளை நன்றாகச் செய்தார்கள். அதே கோட்டை ஓவியரின் கோட்டு என்று சொன்னபோது அந்த அளவு நன்றாகச் செய்யவில்லை. ஆனால் அதில் முதல் சோதனையை 2019ல் வேறு குழு திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனவே அந்தச் சாக்கு வேண்டாம். பட்டு தோலில் படுவது சுகமாக இருக்கிறது. போட அது போதும்.

மூன்றாவது: நிறத்தை ஜன்னலோரம் பாருங்கள்

பாரிஸின் கோப்லன் திரைச்சீலை நெசவகத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷேல் யூஜீன் செவ்ரெல் என்ற வேதியியலாளர். "கருப்பு நூலில் அடர்த்தி இல்லை, நீலத்துக்குப் பக்கத்தில் வெளுத்துத் தெரிகிறது" என்று அவரிடம் புகார் வந்தது. வேறு ஆலைகளின் கருப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கண்ணை ஏமாற்றின. எந்த நிறமும் தன் அண்டை நிறத்தால் மாறித் தெரிகிறது என்று சோதனைகளோடு அவர் 1839ல் நூலாக எழுதி வைத்தார்.

நம் பீரோவுக்கு இதன் பொருள்: "இந்த நிறம் எனக்குச் சேராது" என்று ஒதுக்கியதில் பாதி, அன்றைக்கு அதோடு போட்ட துணியின் குற்றமாக இருக்கலாம். வெளுத்த கருப்பு பேன்ட்டை அடர்நீலச் சட்டையோடு போட்டால் பழசாகத் தெரியும். அதே பேன்ட்டின் மேல் வெள்ளையோ இளமஞ்சளோ வந்தால் கருப்பு கொஞ்சம் ஆழமாகிவிடும். வெளுத்த கருப்பும் புதுக் கருப்பும் மட்டும் ஒன்றாக வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

பகலில் ஜன்னல் பக்கம் நின்று, கண்ணாடி முன்னால் ஒவ்வொரு துணியாகத் தாடைக்குக் கீழே பிடியுங்கள். துணியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே நிழல் கூடுகிறதா, குறைகிறதா? முகத்துக்கு எடுப்பாக இல்லாத நிறம் பிடித்த நிறமாகவும் இருந்தால் இடுப்புக்குக் கீழே அனுப்பிவிடலாம். அங்கே அது யாரையும் தொந்தரவு செய்யாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இந்தச் சோதனை செல்லாது. விளக்கொளியில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறுவேறாகிவிடும். கருநீலத்தையும் கருப்பையும் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கு இது தெரியும்.

நிறச் சேர்க்கைக்கு வட்டம், முக்கோணம் என்று நிறையச் சொல்வார்கள். தொடங்குபவருக்கு அதைவிட உதவுவது வெளிர், அடர் என்கிற வேறுபாடு. போட்டுக்கொண்டு போனில் ஒரு போட்டோ எடுத்து அதைக் கருப்புவெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால், அந்தச் சேர்க்கை மந்தமாகத் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஒன்றை ஒரு படி வெளிராக்கினாலே உயிர் வந்துவிடும். எல்லாமே ஒரே அடர்த்தியில் இருப்பதும் அழகுதான், ஆனால் அப்போது துணியின் சொரசொரப்பிலாவது வேறுபாடு இருக்க வேண்டும்: வழவழப்போடு முரடு, மினுமினுப்போடு மங்கல்.

பூப்போட்டது, கட்டம் போட்டது இவற்றுக்கு ஒரு பழைய வழி போதும். அந்த அச்சில் இருப்பதிலேயே குறைவான இடத்தைப் பிடித்திருக்கும் நிறத்தைத் தேடி, அந்த நிறத்தில் மற்றதைப் போடுங்கள். இரண்டு அச்சுகளைச் சேர்க்கும் துணிச்சல் வந்தால், ஒன்று பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் இருக்கட்டும், ஒரு நிறமாவது இரண்டிலும் இருக்கட்டும்.

நான்காவது: ஒத்திகை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். நாம் உடையைப் போட்டுப் பார்ப்பது எப்போது? காலையில், வண்டிக்கு நேரமாகிவிட்ட பிறகு. அந்த 5 நிமிடத்தில் யாருக்கும் புதுச் சேர்க்கை தோன்றாது. தெரிந்த நீலத்தோடு தெரிந்த கருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவோம். வாரத்தில் ஒரு மணி நேரம், எங்கும் போக வேண்டாத ஒரு மாலையில், கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு உருப்படியை எடுங்கள், மூன்றாவது குவியலிலிருந்து இருந்தால் நல்லது. அதை மூன்று விதமாக உடுத்த வேண்டும் என்பதுதான் விளையாட்டு. சட்டை என்றால் பட்டன் போட்டு ஒன்று, டி-ஷர்ட்டுக்கு மேலே திறந்துவிட்டு ஒன்று, உள்ளே செருகி பெல்ட்டோடு ஒன்று. துப்பட்டா கழுத்துச் சுற்றாகலாம். புடவை என்றால் அதற்கென்று வந்த ரவிக்கையை மறந்துவிட்டு, வேறு ஐந்தை மேலே விரித்துப் பாருங்கள். 6 மேலாடையும் 4 கீழாடையும் இருந்தாலே 24 சேர்க்கை. அந்த மேலாடைக்கும் மேலே போட்டுக்கொள்ள 3 உருப்படி இருந்தால், எதையும் போடாத நிலையையும் சேர்த்து, அது 96 ஆகிறது. நாலில் மூன்று தேறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் 24 மிச்சம்.

போட்டதும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். மேலாடை எங்கே முடிகிறது? உடலைச் சரிபாதியாக வெட்டினால் கட்டையாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு மேலே, இரண்டு பங்கு கீழே, அல்லது தலைகீழாக, என்றால் கண்ணுக்கு இதம். முழுக்க உள்ளே செருக வயிறு இடம் கொடுக்காவிட்டால் முன்பக்கம் மட்டும் கொஞ்சம் செருகிவிடலாம். அடுத்து, தளர்வு: மேலே தொளதொள என்றால் கீழே ஒடுக்கமாக, கீழே அகலம் என்றால் மேலே கச்சிதமாக. இரண்டும் தொளதொள என்றால் எங்காவது ஒரு எலும்பு தெரியட்டும், மணிக்கட்டோ கணுக்காலோ.

மூன்றாவது கை மடிப்பு. இதைச் சுருட்டிச் சுருட்டி ஏற்றுவதால்தான் பத்து நிமிடத்தில் அவிழ்கிறது. கைப்பட்டியின் பட்டனைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி ஒரே இழுப்பில் முழங்கைக்குச் சற்றுக் கீழேவரை கொண்டுபோங்கள். பிறகு கீழே தொங்கும் மடிப்பு விளிம்பை மேலே மடித்து, பட்டியில் பாதியை மூடுங்கள். நாள் முழுக்க நிற்கும். பட்டியின் உள்துணி வேறு நிறமாக இருந்தால் அதுவும் ஒரு கீற்றாகத் தெரியும்.

சரி என்று பட்டதை ஒவ்வொன்றும் ஒரு போட்டோ எடுத்து, போனில் தனி ஆல்பத்தில் போடுங்கள். கண்ணாடியில் நாம் அசையாமல் நின்று நல்ல பக்கத்தையே பார்ப்போம். போட்டோ அப்படிச் சலுகை காட்டாது. எடுக்கும் முன் உட்காருங்கள், குனியுங்கள், மேல் தட்டிலிருந்து எதையோ எடுப்பதுபோல் கையைத் தூக்குங்கள். முதல் வாரக் குறிப்பில் இருக்கும் புகார்கள் இங்கேயே பிடிபடும்.

காலை நேரம்

முந்தின இரவே எடுத்து மாட்டிவிடுங்கள், உள்ளாடையும் செருப்பும் உட்பட. தோன்றாவிட்டால் ஆல்பத்தைத் திறந்து ஒன்றைக் காப்பியடியுங்கள், உங்களிடமிருந்துதானே!

பராக் ஒபாமா பதவியில் இருந்தபோது, முடிவெடுக்கும் சுமையைக் குறைக்க சாம்பல் அல்லது நீல சூட் மட்டுமே அணிவதாக 2012ல் ஒரு பேட்டியில் சொன்னார். ஸ்டீவ் ஜாப்ஸ் இசே மியாகே வடிவமைத்த ஒரே மாதிரிக் கருப்பு மேலாடைகளை அடுக்கி வைத்திருந்தார். உடையைப் பற்றி யோசிக்கவே பிடிக்காது என்றால் அதுவும் கௌரவமான வழிதான். ஆனால் ரசிக்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். எனவே பாதி வழி சொல்கிறேன்: எல்லாவற்றையும் சூத்திரப்படி போட்டுக்கொண்டு, ஒன்றில் மட்டும் விளையாடுங்கள். அது சாக்ஸாக இருக்கலாம், பொருந்தாத கம்மலாக இருக்கலாம், அப்பாவின் பழைய வாட்சாக இருக்கலாம். ஒன்று சொதப்பினால் கழற்றிப் பையில் போட்டுவிடலாம். முழுசும் சொதப்பினால் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

துணியைக் காப்பாற்ற நாலு வார்த்தை

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். ரொம்பவும் கசக்காமல் கட்டினால் கந்தையாகவே தாமதமாகும். அடர்நிறங்களை உள்வெளியாகத் திருப்பித் துவைத்து நிழலில் காயவையுங்கள். பின்னல் துணிகளை ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள். வளையம் வளையமாகப் பின்னியது தன் எடையிலேயே நீண்டுவிடும், மடித்து வையுங்கள். இழுவை கொடுக்கும் ஸ்பாண்டெக்ஸ் கலந்த ஜீன்ஸுக்குச் சூடும் குளோரின் ப்ளீச்சும் எமன். முட்டி தொங்குவதற்கு அவையும் ஒரு காரணம். சாயம் போகும் துணியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் நிற்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. சாயத் தொட்டியில் சாயம் பருத்தியில் ஏறத்தான் உப்பு உதவும். ஏறி முடித்த துணியில் அதற்கு வேலையில்லை. ஒட்டாத சாயம் போகும்வரை தனியாகத் துவையுங்கள்.

இப்போது கழிக்கலாம்

மூன்று மாதம் கழித்து. அதற்கு இன்றைக்கே ஹேங்கர்களை எல்லாம் கொக்கியின் திறந்த பக்கம் உங்களைப் பார்க்கும்படித் திருப்பி மாட்டுங்கள். போட்டுத் துவைத்து வந்ததை மட்டும் வழக்கம்போல மாட்டுங்கள். மூன்று மாத முடிவில் திரும்பாமலே நிற்பவை எவை என்று பார்த்தவுடன் தெரியும். பருவத்துக்கு மட்டுமே உரியவற்றுக்கு விலக்கு கொடுங்கள்.

புதிதாக ஏதாவது வாங்கத் தோன்றினால், ஒத்திகையில் "இதுக்கு ஒரு வெள்ளை மட்டும் இருந்தா..." என்று எத்தனை தடவை நினைத்தீர்கள் என்று பாருங்கள். மூன்று வெவ்வேறு உருப்படிகளுக்கு ஒரே பொருள் குறைந்தால் வாங்குங்கள். ஒன்றுக்கு மட்டும் என்றால் அந்த ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

திரும்பாத ஹேங்கர்களில் இருப்பதை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே இன்றைய தேதியையும் 6 மாதம் கழித்து வரும் தேதியையும் எழுதி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். இடையில் ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்தால் போய் எடுத்துக்கொள்ளலாம். என் பெட்டியிலிருந்து இரண்டாம் மாதமே ஒரு கடுகு மஞ்சள் சட்டை திரும்பி வந்தது. இப்போது அது வாரம் ஒருமுறை, அந்தக் கணுக்கால் ஏறிய பேன்ட்டோடு.